ஏழுமலை குந்தியிருந்த ஐம்பது நிமிடம்

1. நடக்கிற வேலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பெண்ணாகச் சேர்ந்து குவாலிட்டி இன்சார்ஜாக வெளியே வந்தேன். அத்தனை வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எது என்று கேட்டால், நடப்பதற்குச் சம்பளம் வாங்கிய அந்த ஐந்து வாரத்தைச் சொல்வேன். ரொம்ப வெட்கப்பட்ட வேலை எது என்றாலும் அதையேதான் சொல்ல வேண்டும். அதனால்தான், இப்போது வேலைக்கு வருகிற இளையவர்களுக்காக இந்தக் குறிப்பு.

நான் ஓரிடத்தில் உட்காராதவள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி என்ன பறப்பு என்று அம்மா திட்டினாள், பிறகு மாமியார் திட்டினார். மருமகள் திட்டுவதில்லை, மனதுக்குள் நினைத்துக்கொள்கிறாள். கோவில்பதாகையிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ காலியாகப் போனாலும் நடந்துதான் போவேன். ரயிலில் சீட் கிடைத்தாலும் கதவுப் பக்கம் போய் நிற்பேன். பட்டரவாக்கத்தில் இறங்கி கம்பெனி வரைக்கும் மறுபடி நடை. ஷெட்டுக்குள்ளேயும் என் நாற்காலியில் மற்றவர்களின் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் கம்பெனி பஸ்ஸர், சைரன், அலாரம் செய்கிற சின்ன இடம். மொத்தம் இருபத்திரண்டு பேர். முதலாளி தயாளன் சாருக்குப் பூர்வீகம் பாரிவாக்கம். நெல் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக் படித்துவிட்டு எஸ்டேட்டில் ஷெட் பிடித்தவர். நல்ல மனிதர், ஆனால் ஆர்டர் என்ற சொல்லைக் கேட்டால் காது வேறு எதற்கும் வேலை செய்யாது.

பூந்தமல்லி தாண்டி, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கிற ஒரு ஃபேக்டரியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடத்தை எல்லாரும் ஈ.டி.பி. என்பார்கள். கிழங்குத் தோலும் நாரும் தேங்கி அழுகினால் ஒரு வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால், நேரம் ஆக ஆக, மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவார். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு கேஸ் அலாரம் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். யாரும் போடுவதில்லை. சார்ஜர் இருக்கிற பிளக்கில் எல்லாருடைய செல்போனும் தொங்கும். சார்ஜே போட வேண்டாத அலாரம் செய்து தர முடியுமா என்று அந்த ஃபேக்டரியின் சேஃப்டி ஆபீசர் கேட்டிருந்தார்.

முடியும் என்றவர் இசக்கி. எங்கள் டிசைன் இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கம், அயப்பாக்கத்தில் வாடகை ஃப்ளாட்டில் இருந்தார். பாட்டுப் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் ஒரு வட்டப் பித்தளைத் தகடு இருக்குமே, அதுதான் பீசோ டிஸ்க். மின்சாரம் கொடுத்தால் அது ஒலி எழுப்பும். அதையே நாம் அழுத்தினால் மின்சாரம் தரும். சேஃப்டி ஷூவுக்குள் போடுகிற இன்சோலில், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியில் இப்படிச் சில டிஸ்க்குகளைப் புதைத்துவிட்டால், ஒவ்வொரு அடிக்கும் துளித்துளியாக மின்சாரம் வரும். கணுக்காலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு அலாரம். அந்த வாயு காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். ஆகவே மார்பைவிடக் கணுக்கால்தான் சரியான இடம் என்றார் இசக்கி. கேட்கக் கேட்க எனக்கே கால் துறுதுறுத்தது.

நடந்து பார்க்க ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது இசக்கி என்னைப் பார்த்தார்.

“கலாக்கா, நீங்க சும்மாவே நடந்துக்கிட்டுத்தான இருக்கிய. ஒயரை மாட்டிட்டு நடந்தா என்ன?”

அன்றிலிருந்து புடவைக்குக் கீழே சேஃப்டி ஷூ, கணுக்காலில் பெட்டி, இடுப்பில் ரீடிங் எடுக்கிற மெஷின் என்று எஸ்டேட்டைச் சுற்றினேன். பாடி மேம்பாலத்தடி வரைக்கும் போய் வந்தேன். மழைத் தண்ணீர், ஜல்லி, தார், சிமென்ட் தரை, எதையும் விடவில்லை. டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார். ஆவடி ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர், பச்சை விளக்கு மினுக்குகிற பெட்டியையும் ஒயரையும் பார்த்துப் பதறி, என்னை ஓரமாக நிறுத்திவைத்துக் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். நடந்தால் கரண்ட் வருகிறது என்று நான் சொல்லச் சொல்ல அவர் சந்தேகம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. கடைசியில் தயாளன் சார் போனில் பேசித்தான் விட்டார்கள்.

டிஸ்க்குகள் முதலில் உடைந்துகொண்டே இருந்தன. அடியில் ரப்பர் கொடுத்தோம், நின்றது. ஒரு சொட்டு வியர்வை உள்ளே இறங்கினால் ரீடிங் படுத்துவிடும். பிசின் ஊற்றி மூடினோம், சரியானது. ஐந்தாவது வாரம் கிராஃபைப் பார்த்தால் அவ்வளவு அழகு. என் ஒவ்வொரு அடியும் ஒரு முள்ளாக எழுந்து நின்றது. ஷூவை மாட்டும்போது குதிகால் உள்ளே இறங்கத் தரையில் இரண்டு குத்துக் குத்துவோம் இல்லையா, அது மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் தெரியும். காலை எத்தனை மணிக்கு ஷூ போட்டேன் என்று கிராஃபே சொல்லிவிடும்.

2. இருபது நிமிடம் போதும்

இளையவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். தப்பு நடந்தது இங்கேதான். நடந்தபோது தப்பு மாதிரியே தெரியவில்லை, டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தோம்.

வருகிற மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்துவைக்கிறோம். பெரிய கெப்பாசிட்டர் போட்டால் ஆள் நின்ற பிறகும் அலாரம் ரொம்ப நேரம் உயிரோடு இருக்கும். ஆனால் பெட்டி பெரிதாகும், காலையில் அது நிரம்ப ரொம்ப நேரம் நடக்கவும் வேண்டும். சிறியது போட்டால் ஐந்து நிமிட நடையில் நிரம்பிவிடும். எது வேண்டும் என்பதுதான் கேள்வி. வேலை செய்கிற ஆள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் காலை அசைக்காமல் இருப்பார் என்று இசக்கி கேட்டார். நான் சிரித்தேன். என்னால் ஐந்து நிமிஷம் முடியாது, ஊரில் இருக்கிற சோம்பேறிகளையும் சேர்த்து இருபது போடுங்கள் என்றேன். அவர் இருபது என்று எழுதிக்கொண்டார். டெஸ்ட் ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

பீசோ டிஸ்க்கை அழுத்தும்போது மின்சாரம் வரும், விடும்போது வரும். அழுத்தியபடியே வைத்திருந்தால் வராது. இது எனக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

இன்னொன்றும் செய்தேன். மின்சாரம் தீரப்போகிறது என்றால் பெட்டி விட்டுவிட்டுக் கத்தும்படி இசக்கி வைத்திருந்தார். ஒரு நாள் சிக்னல் விழாமல் அண்ணனூரில் ரயில் நின்றுவிட்டது. அசைய முடியாத கூட்டம். என் பெட்டி கத்த ஆரம்பித்து, கம்பார்ட்மென்ட் முழுக்க இருந்தவர்கள் என் காலையே பார்த்தார்கள். மறுநாள் போய் அந்தச் சத்தத்தை எடுத்துவிடச் சொன்னேன். கத்துவதற்குத்தான் அதிக மின்சாரம் செலவாகிறது, அதைக் கேஸ் வரும்போது கத்த மிச்சம் வைக்கலாம் என்று காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். நல்ல காரணம்தான். ஆனால் அது என் எரிச்சலுக்குப் போட்ட சட்டை. அதற்குப் பிறகு மின்சாரம் தீர்ந்தால் பெட்டி சத்தம் போடாமல் அணைந்துவிடும். பத்து வினாடிக்கு ஒருமுறை மினுக்குகிற பச்சை விளக்கு நின்றுபோகும், அவ்வளவுதான்.

3. பத்து நாற்பது

ட்ரையலுக்கு ஒரே ஒரு ஜோடி கொடுத்தோம். ஈ.டி.பி. ஆபரேட்டர் ஏழுமலை என்பவர் இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பார். அது சரியாக வந்தால் இருநூறு ஜோடிக்கு ஆர்டர். இசக்கி போய் சேஃப்டி ஆபீசரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. பாடியில் வேறொரு கம்பெனிக்கு சைரன் டெலிவரி இருந்தது என்று அப்போது காரணம் சொன்னேன்.

ட்ரையல் பெட்டியில் மட்டும் எல்லாவற்றையும் பதிவு செய்கிற ஒரு மெமரி வைத்திருந்தோம், பெட்டி அணைந்தாலும் நேரமும் அடியும் பதிவாக அதற்குத் தனியாக ஒரு பொத்தான் செல். இரண்டு வாரம் கழித்து இசக்கி அந்த மெமரியை மட்டும் கழற்றி எடுத்துவர, கம்ப்யூட்டரில் போட்டோம். ஏழுமலை நன்றாக நடந்திருந்தார். ஆனால் தினமும் பத்து இருபதுக்கு முட்கள் நின்றுவிடுகின்றன. பத்து நாற்பதுக்குப் பெட்டி அணைந்துவிடுகிறது. பதினொன்று பத்துக்கு மறுபடி உயிர் வருகிறது. ஒரு நாள் தவறாமல் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை.

தயாளன் சார் திரையைப் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “டீ குடிச்சிட்டு ஷூவைக் கழட்டிப் போட்டு ஒரு தூக்கம் போடுறாரும்மா. நம்ம பொருள்ல ஒண்ணும் குறையில்ல. எழுதிக் கொடுத்துடு.”

இசக்கியும் அப்படித்தான் இருக்கும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். நான் எழுதினேன். “தினமும் 10.40 முதல் 11.10 வரை ஆபரேட்டர் ஏழுமலை ஷூவைக் கழற்றிவைத்துவிடுகிறார். கருவி திருப்திகரமாக வேலை செய்கிறது.” இதை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி இரண்டு வரி எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. மாடிக்கும் கீழுக்கும் போனேன், காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்டேன். எது குடைகிறது என்று பிடிபடவில்லை. மத்தியானம் குழம்பு கொதிக்கும்போது பிடிபட்டது. அந்தக் குத்து. ஷூவை மாட்டும்போது தரையில் குத்துகிற இரண்டு பெரிய முள்.

கிராஃபின் பிரிண்ட் பையில் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு, டியூட்டிக்கு வந்து ஷூ போடுகிற நேரத்தில், ஏழுமலையின் இரண்டு பெரிய முள்ளும் இருக்கின்றன. பதினொன்று பத்துக்கு இல்லை. பன்னிரண்டு வேலை நாட்களின் தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஒரு நாள்கூட இல்லை. கழற்றின ஷூவைத் திரும்பப் போட்டிருந்தால் குத்து இருக்க வேண்டும். அவர் ஷூவைக் கழற்றவே இல்லை. காலில் ஷூவோடு அந்த ஐம்பது நிமிடம் எங்கேயோ அசையாமல் இருக்கிறார், அதில் அரை மணி நேரம் எங்கள் பெட்டி செத்துக் கிடக்கிறது. அது எந்த இடம் என்று போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

4. கயிறு

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகவில்லை. எங்கள் லேபில் கையில் பிடித்து அளக்கிற கேஸ் மீட்டர் ஒன்று உண்டு, பேட்டரியில் ஓடுவது. வெள்ளிக்கிழமை என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். சீட் இருந்தது, நின்றேன். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரை இறங்கிப்போய் அடிக்கலாம் போலிருந்தது.

சேஃப்டி ஆபீசர் கேட் பாஸ் போட்டுக்கொடுத்தார். ரிப்போர்ட் நல்ல தெளிவாக இருந்தது என்று பாராட்டினார். அதை வைத்துச் சனிக்கிழமையே ஏழுமலைக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது என்றும், ஒப்பந்தத் தொழிலாளிதான், மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். ஈ.டி.பி.யைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஏழுமலைக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை. முதலில் கண்ணில் பட்டது அவர் கால்தான். இரண்டு ஷூவையும் நைலான் கயிற்றால் கணுக்காலோடு சேர்த்து, நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். கயிறு தோலில் பதிந்து சிவந்திருந்தது.

“இன்னா மேடம் பாக்குறீங்க? ஷூவ கயட்டிட்டு தூங்குறேன்னு மெமோ குட்த்துகீறாங்க. அதான் கட்டிகினேன். இனிமே எவனாச்சும் சொல்லட்டும் பாப்போம்.”

மெமோவுக்கு மூலகாரணம் நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்து இருபதுக்கு என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டேன். ஸ்கிரீன் கிளீனிங் என்றார். கிழங்குத் தோலும் நாரும் உள்ளே போகாமல் தடுக்க, தண்ணீர் வருகிற வழியில் ஒரு தொட்டிக்குள் கம்பித் தடுப்பு இருக்கும். தினமும் மூடியைத் திறந்து, கம்பியில் சிக்கினதையெல்லாம் கையால் இழுத்து எடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். முக்கால் மணி, ஒரு மணி ஆகும் என்றார்.

“நின்னுகினே செய்வீங்களா?”

“நின்னுகினு வார்னா இடுப்பு ஒட்ஞ்சிடும் மேடம். குந்திகினுதான்.”

குந்திக்கொண்டு. நம் ஊரில் பாதி வேலை குந்திக்கொண்டுதான் நடக்கிறது. பாத்திரம் தேய்ப்பதும், கீரை ஆய்வதும், பஞ்சர் ஒட்டுவதும், டைல்ஸ் பதிப்பதும் அப்படித்தான். ஐந்து வாரம் தார், ஜல்லி, மழை, மேடு என்று எல்லாவற்றிலும் நடந்து பார்த்த எனக்கு, ஒரு நாள் குந்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஷூ என்றதும் நடை என்றே நினைத்துவிட்டேன். குந்தினால் முழுப் பாதமும் தரையில் அழுந்தும். அழுந்தியபடியே இருக்கும்.

ஏழுமலை மூடியைத் தள்ளினார். நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு விளிம்பில் குந்தினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் நாரை இழுத்து வெளியே போட்டார். முன்பெல்லாம் இந்த வேலைக்கு இரண்டு பேர் என்றார். ஒருவர் இழுக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பதில் வரவில்லை என்றால் தூக்கிவிட வேண்டும், அதுதான் அவர் வேலை. பெட்டி வந்த பிறகு, அலாரம் இருக்கும்போது இன்னொரு ஆள் எதற்கு என்று அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் ஏழுமலையை எழுந்திருக்கச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கண்ணால் பார்க்காமல் ஒருமுறை எழுதியாகிவிட்டது, இந்தத் தடவை பார்த்துவிட வேண்டும் என்று இன்னொரு பக்கம் புத்தி சொன்னது. மீட்டரை அவர் தோளுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் நாலு, ஐந்து என்று காட்டியது. எங்கள் பெட்டி பத்தில் கத்த வேண்டும். அவருக்குப் பின்னால் கணுக்காலில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. குந்தியிருக்கிறவரால் அதைப் பார்க்க முடியாது. நான் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருந்தேன். அவர் பாதம் நட்டுவைத்த மாதிரி இருந்தது.

பத்து நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு நின்றது. பத்து வினாடி எண்ணினேன், இருபது எண்ணினேன். மினுக்கவில்லை.

அவரைக் கூப்பிட வாயெடுத்த நேரத்தில், அடியில் சிக்கியிருந்த ஒரு பெரிய பொதி அவர் இழுத்த இழுப்பில் பிய்த்துக்கொண்டு வந்தது. கறுப்பாகக் குமிழி கிளம்பியது. என் கையில் மீட்டர் வீறிட்டது. பத்தொன்பது, முப்பத்திரண்டு, நாற்பத்தேழு என்று எண் ஓடியது. அவர் காலில் இருந்த எங்கள் பெட்டி வாயைத் திறக்கவில்லை. நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

“எய்ந்திருங்க. எய்ந்து வாங்க ஏழுமலை.”

அவர் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. “இன்னாத்துக்கு மேடம்? நாத்தம்கூட நின்னுட்ச்சே.”

எனக்கு வந்த பயத்தில் அவரைக் கட்டித் தூக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. குந்தியிருந்து அவருக்குக் கால் மரத்திருந்தது, என் மேலேயே சாய்ந்து தடுமாறி நடந்தார். பத்துப் பதினைந்து அடி வந்திருப்போம். அப்போது அவர் கணுக்காலில் பெட்டி அலற ஆரம்பித்தது. நடந்ததால் உயிர் வந்துவிட்டது.

ஏழுமலை குனிந்து காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இப்ப எதுக்கு கத்துது?”

அவரை பம்ப் ரூம் தாண்டிக் காற்றோட்டமாக உட்காரவைத்தேன். இரண்டுமுறை வாந்தி எடுத்தார். தலை பிளக்கிறது என்றார். கம்பெனி நர்ஸ் ஓடிவந்து ஆக்சிஜன் வைத்தார். அந்தக் கயிற்றை நான்தான் அறுத்தேன். அறுக்கும்போது சொன்னேன், மெமோவுக்குக் காரணமான ரிப்போர்ட்டை எழுதியது நான் என்று. அவர் தன் காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

5. முதல் தாள்

சேஃப்டி ஆபீசர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது நிமிடம் என்று சொன்னது நான், பெட்டி சாகப்போகும்போது கத்துகிற சத்தத்தை எடுக்கச் சொன்னது நான், வந்து பார்க்காமல் எழுதியது நான். சொல்லிவிட்டுத்தான் தயாளன் சாருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் பெட்டியைச் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்திருக்கலாமே கலா என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அடுத்த மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

இசக்கி அன்று மாலையே ஒயரை மாட்டிக்கொண்டு லேபில் குந்தினார். திரையில் கோடு படுத்தேவிட்டது. நம்ம ரெண்டு பேருக்குமே தோணலையே அக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பெரிய கெப்பாசிட்டர் வந்தது, சாகும் முன் கத்துகிற சத்தமும் திரும்ப வந்தது. பெட்டியோடு கொடுக்கிற புத்தகத்தின் முதல் பக்கத்தில், இது பக்கத்தில் நிற்கிற ஆளுக்குப் பதில் அல்ல என்று எழுதினோம். விற்கிறவனே இப்படி எழுதலாமா என்று தயாளன் சார் அந்த வரியை இரண்டுமுறை பேனாவால் அடித்துவிட்டார். மூன்றாவது முறை விட்டுவிட்டார். இருநூறு ஜோடி ஆர்டர் போயே போய்விட்டது. ஐந்து மாதம் கழித்து வேறொரு இடத்திலிருந்து நாற்பது ஜோடிக்கு வந்தது.

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை நீங்கள் டெஸ்ட் செய்யும்போது உங்கள் உடம்பையும் உங்கள் குணத்தையும் சேர்த்துத்தான் டெஸ்ட் செய்கிறீர்கள். நான் உட்காராதவள், ஆகவே உலகத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று ஒரு கருவி செய்தேன். போடப்போகிறவர் எப்படி நிற்கிறார், எப்படிக் குந்துகிறார் என்று போய்ப் பாருங்கள். ஆபரேட்டர் மேல் தப்பு என்று எழுதக் கை எழும்போது பேனாவை மூடிவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஏழுமலைக்கு மெமோவை ரத்து செய்தார்கள். பேக்கிங்குக்குப் போனவரும் திரும்பி வந்தார். பத்து நாள் கழித்து, திருத்திய ரிப்போர்ட்டைக் கொடுக்க நான் மறுபடி போனேன். சேஃப்டி ஆபீசர் ஃபைலை எடுத்து, பழைய ரிப்போர்ட்டுக்குப் பின்னால் புதியதைக் கோத்தார். ஏழுமலையும் அங்கே நின்றிருந்தார்.

“அந்தப் பழைய பேப்பர கீஸ்ட்டீங்களா யக்கா?”

கிழிக்க முடியாது என்று சேஃப்டி ஆபீசர் விளக்கினார். ஆடிட்டுக்குப் போகிற ஃபைல், ஒரு தாள் குறைந்தாலும் கேள்வி வரும், புதிய ரிப்போர்ட் வந்துவிட்டதால் பழையது தானாகவே செல்லாது. விதி அப்படித்தான். அந்த விதியை எஸ்டேட்டில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“அப்போ நான் ஷூவ கயட்டிட்டு தூங்குனேன்னு அதுல கீது?”

“இருக்கு,” என்றேன்.

“யார்னா மொத பேப்பர மட்டும் படிச்சா?”

நான் ஃபைலை என் பக்கம் திருப்பினேன். ரிப்போர்ட்டின் மேல் பேனா வைக்கக்கூடாது, திருத்தக்கூடாது, அடிக்கக்கூடாது. இன்க் கறை பட்டதற்காகப் பெண்களை அழவைத்தவள் நான். அந்த முதல் தாளில், இங்கிலீஷ் எழுத்துக்கு நட்டநடுவே, பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். “இது தவறு. ஏழுமலை ஷூவைக் கழற்றவில்லை. பார்க்காமல் எழுதியவள் நான்.” கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். சேஃப்டி ஆபீசர் தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை குனிந்து விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

“இங்க ஏழுமலைன்னு ரெண்டு பேர் கீறோம் யக்கா,” என்றார். “அப்பா பேரையும் போட்ருங்க. கன்னியப்பன்.”

போட்டேன்.